கடல் கடந்து செல்வோர் கவனத்திற்கு

1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் காரைக்கால் சட்டப்பூர்வமாக இந்தியாவோடு இணைந்தபின் பிரெஞ்சுப் பிரஜாவுரிமையைத் தேர்ந்துகொண்டோரின் சந்ததியினர் இப்பகுதியில் இன்றும் வாழ்வதால், கோட்டுச்சேரிக் குடும்பமொன்றில் மாமனாரிடம் ஒரு தேசத்தின் பாஸ்போர்ட்டும் மருமகளிடம் வேறொரு தேசத்தினதும் இருப்பது வியப்பன்று. ஆகவே, பிறதேசத்தில் ஆபத்து நேரின் எந்தத் தூதராலயத்தை நாடுவது என்பதை ஒவ்வொருவரும் தம் பாஸ்போர்ட்டைக் கொண்டே நிச்சயித்து, அதன் விலாசத்தையும் தொலைபேசி எண்ணையும் கைப்பேசியில் மட்டுமின்றிக் காகிதத்திலும் எழுதி வைத்துக்கொள்ளுதல் அவசியம். கைப்பேசியே களவுபோகும் சமயத்தில் அந்தக் காகிதம்தான் உதவும். பாஸ்போர்ட், விசா ஆகியவற்றின் பிரதிகளை வேறொரு பையில் வைப்பதோடு, வீட்டாரிடமும் ஒன்று கொடுத்துச் செல்க.

வளைகுடா நாடுகளுக்கு உத்தியோக நிமித்தம் செல்லும் இளைஞர்களைக் குறித்தே என் கவலை அதிகம். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற ஏஜெண்டு தானா என்பதை அரசின் ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் விசாரித்தறியாமல் பணம் கொடுக்கலாகாது. சுற்றுலா விசாவில் போய்ச் சேர்ந்தபின் வேலை நிரந்தரமாகும் என்று எவ்வளவு அன்போடு சொன்னாலும் இணங்கலாகாது. இந்தியப் பாஸ்போர்ட் அரசின் சொத்தென்று 1967-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுவதால், முதலாளி அதைத் தம்மிடம் வைத்துக்கொள்ள விரும்பினால், பிரதியை மட்டும் தருவதாகப் பணிவுடனும் உறுதியுடனும் சொல்லுக.

பிரான்சு உள்ளிட்ட ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் அனைத்திலும் அவசர உதவிக்கு 112 என்ற எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.