கதைக்குப் புள்ளி போடுவது எப்படி?

போன செமஸ்டர் விடுமுறைக்கு பட்டர்வொர்த் வந்திருந்தேன். எங்கள் வட்டாரத்தில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு ஒரு சிறுகதைப் போட்டி. மூன்றாவது நடுவர் கிடைக்கவில்லை என்று ஏற்பாட்டாளர் அண்ணன் கூப்பிட்டார். “அண்ணே, நான் படிக்கிறது இயந்திரவியல்” என்றேன். “கதை படிப்பேல்ல? அது போதும், வா” என்றார்.

மொத்தம் 23 கதைகள். பெயர் கிடையாது, எண் மட்டும்தான். மூன்று நாளில் புள்ளி போட்டுக் கொடுத்துவிட்டேன். அதில் நான் செய்த தப்பைத்தான் இந்த மாதப் பாடமாக எழுதுகிறேன். நாளைக்கு உங்களையும் யாராவது நடுவராகக் கூப்பிடலாம்.

17-ஆம் எண் கதை கையால் எழுதியது. ல, ள, ழ மூன்றும் இடம் மாறிக் கிடந்தன. நான் போட்டது 45. 8-ஆம் எண் கதை அழகாகத் தட்டச்சு செய்தது, ஒரு பிழைகூட இல்லை. அதற்கு 82 போட்டேன். மற்ற இரண்டு நடுவர்கள் 17-க்கு 74, 72 போட்டிருந்தார்கள். 8-க்கு 68, 66. கூட்டிப் பாருங்கள்: 17-க்கு 191, 8-க்கு 216. மூன்று பேரில் இரண்டு பேருக்கு 17 பிடித்திருக்கிறது. ஆனாலும் ஜெயிப்பது 8. ஏன்? அவர்கள் இருவரும் குறுகிய இடைவெளியில் புள்ளி போட்டார்கள். நான் 40-க்கும் 85-க்கும் இடையே தாராளமாக ஏறி இறங்கினேன். யாருடைய புள்ளி அதிகம் ஆடுகிறதோ, அவரே முடிவைத் தீர்மானித்துவிடுகிறார். சராசரி எடுத்தால் நியாயம் வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். வராது.

முடிவு செய்யும் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், அவரும் ஒரு நடுவர், என் தாளைப் பார்த்துவிட்டு, “தம்பி, 17-ஐ நான் வாசிக்கிறேன். நீங்க தாளைப் பாக்காம கேளுங்க” என்றார்.

கேட்டேன். பிறை தொழிற்சாலையில் அப்பாவுக்கு வேலை போய்விடுகிறது. வீட்டில் சொல்லவில்லை. தினமும் காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி ஃபெர்ரி ஜெட்டியில் உட்கார்ந்திருக்கிறார். மகன் ஒருநாள் பார்த்துவிடுகிறான். கூப்பிடாமல் திரும்பிவிடுகிறான். அன்று இரவு அப்பா வந்ததும், “இன்னைக்கு வேலை ரொம்பவாப்பா?” என்று கேட்டுத் தண்ணீர் கொடுக்கிறான். அவ்வளவுதான் கதை.

வாசித்து முடித்தபோது யாரும் பேசவில்லை. இதே கதையை நான் ராத்திரி 11 மணிக்கு, சிவப்புப் பேனாவோடு, பிழையை வட்டம் போட்டபடி படித்திருக்கிறேன். அப்பா எனக்குத் தெரியவே இல்லை. 8-ஆம் கதையில் போதைக்கு அடிமையான அண்ணன் ஒரே பக்கத்தில் திருந்திவிடுகிறான். எப்படித் திருந்தினான் என்று நான் கேட்கவும் இல்லை.

நமக்குத் தெரிந்த நடுவர் நக்கீரர். தருமி கொண்டுவந்த பாட்டில் பொருட்குற்றம் என்றார்; எழுதியவர் சிவபெருமானே என்று தெரிந்த பிறகும் மாறவில்லை என்கிறது திருவிளையாடற் புராணம். ஆளைப் பார்க்காதே, எழுத்தைப் பார் என்பது அந்தப் பாடம். நாங்களும் அதற்காகத்தான் பெயரை மறைத்தோம். ஆனால் கையெழுத்தை மறைக்கவில்லை. என் கண்ணுக்கு அந்தக் கையெழுத்தே ஆளாகத் தெரிந்துவிட்டது.

இன்னொரு நடுவரும் உண்டு. இறையனார் களவியலுக்குப் புலவர்கள் ஆளுக்கோர் உரை எழுதி, எது சிறந்தது என்று முடிவாகாமல் நின்றபோது, உருத்திரசன்மன் என்ற ஊமைச் சிறுவனை உட்காரவைத்துக் கேட்கச் செய்தார்களாம். நக்கீரர் உரையைக் கேட்டபோது அவன் சொல்லுக்குச் சொல் கண்ணீர் விட்டானாம். அவன் கையில் தாள் இல்லை, பேனாவும் இல்லை. காதால் கேட்டான்.

இரண்டு நடுவரும் வேண்டும். முதலில் உருத்திரசன்மன், பிறகு நக்கீரர். நான் வரிசையை மாற்றிவிட்டேன்.

அன்றைக்கு நாங்கள் பேசி முடிவெடுத்தவை இவை:

1. முதல் வாசிப்பில் பேனா கூடாது. இரண்டாவது வாசிப்பில்தான் புள்ளி.

2. இரண்டாவது முறை கடைசிக் கதையிலிருந்து தொடங்க வேண்டும். நல்ல கதைக்கு அடுத்து வரும் கதை எப்போதும் மங்கலாகத் தெரியும்.

3. எழுத்துப் பிழைக்குத் தனியாக 10 புள்ளி. கரு, பாத்திரம், நடை, முடிவு ஆகியவற்றில் அதற்காக மறுபடி கழிக்கக் கூடாது.

4. இரு நடுவர்களுக்கிடையே 15 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால், கூட்டுவதற்கு முன் பேச வேண்டும்.

மறுபடி படித்து 17-க்கு 70, 8-க்கு 66 போட்டேன். “பழைய தாளைக் கிழிக்காதீங்க. இரண்டையும் கோப்பில வைங்க, காரணத்தையும் எழுதுங்க” என்றார் ஆசிரியை. வெட்கமாக இருந்தது. ஆனாலும் எழுதினேன்.

நம் நாட்டில் இது புது வேலை இல்லை. 1950-இல் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்திப் புதியவர்களுக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் சிறுகதைப் போட்டியும் பல ஆண்டுகளாக மாணவர்களை எழுத வைத்து, ‘பேரவைக் கதைகள்’ என்று தொகுத்திருக்கிறது. பரிசு கொடுப்பது போட்டியின் ஒரு பாதிதான். எழுத வந்த பிள்ளை அடுத்த கதையும் எழுத வேண்டும், அது மறுபாதி.

எங்களிடம் பரிசு மூன்று. மீதி 20 பேர் வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி எழுதினோம்: கதையில் மனதில் நின்ற இடம் ஒன்று, அடுத்த முறை கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த 40 வரி எழுத, புள்ளி போட்டதைவிட அதிக நேரம் ஆனது.

இந்த மாதப் பயிற்சி: நண்பர் எழுதிய ஒரு பக்கத்தை வாங்கி, வேறு ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிறகு தாளைப் பாருங்கள். இரண்டு முறையும் ஒரே புள்ளிதான் போடுவீர்களா?