பயணியர் நாடும் திசைகள்

மாந்தர் ஓய்வு நாடிப் புறப்படுதல் பொதுவெனினும், அவர்தம் திசைகள் வேறு வேறாம். காரணங்கள் இருவகைப்படும்: இருக்கும் ஊரிலிருந்து உந்துவது ஒன்று, தொலைவிலிருந்து ஈர்ப்பது மற்றொன்று. ஐரோப்பியக் குளிர் உந்த, கதிரொளியும் பவளக்கடலும் ஈர்க்க, பயணியர் மாலத்தீவை அடைகின்றனர். அங்கு முதல் உல்லாச விடுதி 1972-இல் தோன்றியது. கலையார்வம் உடையோரை வெனிஸ் அழைக்கின்றது.

ஆயின், ஈர்ப்பே இடத்திற்கு இடராவதும் உண்டு. கூட்டம் மிகவே, 2024-இல் வெனிஸ் நகரம் குறிப்பிட்ட நாள்களில் ஒருநாள் பயணியரிடம் நுழைவுக் கட்டணம் பெறத் தொடங்கிற்று. கடல் வெப்பமுற்றதால் 1998-இல் மாலத்தீவின் பவளப்பாறைகள் பெருமளவு வெளிறின; இன்று அவ்வெப்பத்தைப் பெருக்குவனவற்றுள் வானூர்திப் புகையும் ஒன்று.

ஆதலின், 'எங்குச் செல்வோம்?' என்பதோடு, 'செல்லுமிடம் நம்மால் என்னவாகும்?' என்றும் எண்ணுதல் நம் கடனாகும்.