நாற்றுக்கு உரமும் ஓர் உப்பே

மலையில் வாழும் நம் அங்கத்தினர்களிடம் உவர்நீரைப் பற்றிப் பேச்செடுத்தால், "அது சமவெளிக்காரர் கவலை, எங்கள் ஓடைத் தண்ணீர் இளநீருக்குச் சமம்" என்று முடித்துவிடுவர். அக்கூற்றில் பிழையில்லை. நீலகிரியின் ஊற்றுநீரில் கரைந்துள்ள உப்பு மிகச் சொற்பமே. ஆயினும், உப்பினால் கருகிய பழ நாற்றுகளைச் சென்ற ஆண்டு மார்ச் மாதத்தில் குன்னூர் வட்டத்திலேயே நான் கண்டேன்.

அந்த அங்கத்தினர் தேயிலை விவசாயி. பசுந்தேயிலையின் விலை ஒரு நிலையில் நில்லாமையால், தோட்டத்தின் ஓரத்தில் பிளம்ஸ் மரம் வைக்க எண்ணிச் சங்கத்தில் கடன் பெற்றிருந்தார். ஒட்டுக் கட்டுவதற்கு வேர்ச்செடியாகப் பீச்சஸ் கொட்டைகளை முளைக்கவைத்து, 300 பாலிதீன் பைகளில் வளர்த்து வந்தார். உரமிட்ட பத்தாம் நாள் இலைகளின் நுனியும் ஓரமும் நெருப்பில் வாட்டியவை போல் காய்ந்தன. பை மண்ணில் ஈரம் இருந்தும் கன்றுகள் தலை சாய்ந்தன. சங்கம் விற்ற உரம் கலப்படமானது என்று மனு எழுதிக் கொடுத்துவிட்டார். அதை விசாரிக்கவே நான் சென்றேன்.

கணக்குப் புத்தகம் பார்த்துப் பழகிய எனக்கும் முதலில் மூட்டையின் மேல்தான் சந்தேகம். ஆனால் அதே மூட்டையின் உரத்தை உண்ட தேயிலை செழித்து நின்றது. "பைக்கு எவ்வளவு இட்டீர்கள்?" என்றேன். "ஒரு தேக்கரண்டிதான் ஐயா, அதற்குமேல் இல்லை" என்றார். அது யூரியாவும் பொட்டாஷும் கலந்த தேயிலைக் கலவை.

ஒரு தேக்கரண்டி என்பது ஏறக்குறைய 5 கிராம். 2 கிலோ மண் கொண்ட பை, நீர் வடிந்தபின் தன்னுள் நிறுத்திக்கொள்வது சுமார் அரை லிட்டர். ஆகவே வேரைச் சூழ்ந்த நீரில் லிட்டருக்கு 10 கிராம் கரைந்திருக்கும். மார்ச் மாத வெயிலில் பாதி நீர் வற்றினால் அதுவே 20 கிராம் ஆகும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. சிறிதளவு மண்ணில் ஒட்டிக்கொள்ளும் என்று கழித்துப் பார்த்தாலும், அந்தக் கன்று கடலோரத்தில் நட்டதற்கு ஒப்பாகவே நின்றது.

நம் இல்லத்தரசிகள் மாங்காய்த் துண்டுகளின்மேல் உப்பைத் தூவி ஜாடியில் வைத்தால், மறுநாள் துண்டுகள் சுருங்கி ஜாடியில் நீர் ஊறியிருக்கும். உப்பு மிகுந்த பக்கம் நீரை இழுக்கும். வேருக்கும் இதே விதிதான். மண்நீரில் உப்பு மிகுந்தால் வேர் நீரை உறிஞ்ச இயலாது தவிக்கும். ஈர மண்ணிலேயே கன்று தாகத்தால் வாடும். இத்துடன் பொட்டாஷிலுள்ள குளோரைடு இலைக்கு ஏறி ஓரங்களைக் கருக்கும்.

எல்லா உரமும் ஒரே அளவில் இத்தீங்கு செய்வதில்லை. எடைக்கு எடை, சோடியம் நைட்ரேட்டை 100 என்று வைத்து ஒப்பிட்ட உப்புக் குறியீடு ஒன்று உண்டு. அதன்படி மூரியேட் பொட்டாஷ் 116, யூரியா 75, அமோனியம் சல்பேட் 69, பொட்டாசியம் சல்பேட் 46, சூப்பர் பாஸ்பேட் 8. அகன்ற மண்ணில் வேரோடி, மழையில் நனையும் தேயிலைச் செடி தாங்குவதைப் பைக்குள் அடைபட்ட கன்று தாங்காது. மக்காத கோழி எருவும் இவ்வகையில் பொல்லாததே. அதில் உப்போடு அமோனியாவும் சேர்ந்துகொள்ளும்.

எந்தப் பழப்பயிர் எவ்வளவு தாங்கும் என்பதற்கும் கணக்குண்டு. கலிபோர்னியாவில் ரிவர்சைடு என்னும் ஊரிலுள்ள உவர்மண் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த மாஸ், ஹாஃப்மன் என்னும் அறிஞர்கள் 1977-இல் அதனைத் தொகுத்தனர். மண்ணை நீரில் குழைத்து வடித்த சாற்றின் மின் கடத்துதிறனே அளவுகோல், அலகு டெசிசீமன்ஸ். பழைய நூல்களில் மில்லிமோ என்றிருப்பதும் அதே எண்தான். ஸ்ட்ராபெர்ரி 1, பிளம்ஸ் 1.5, பீச்சஸும் ஆரஞ்சும் 1.7 வரை தாங்கும். அதற்குமேல் மகசூல் குறையத் தொடங்கும். பேரீச்சையோ 4 வரை கலங்காது. நம் மலைப்பழங்கள் பலவும் மெல்லிய இனம் என்பது இதனால் விளங்கும். இவையும் வளர்ந்த செடிகளின் மகசூலைக் கொண்டு கணித்தவை. இளங்கன்று இன்னும் மென்மையானது.

சமவெளியில் உப்பு நீரிலேயே வருகிறது. நொய்யல் கரையின் கதையை நெசவாளர் அங்கத்தினர்கள் நன்கறிவர். துணியில் சாயம் பிடிக்கச் சேர்த்த உப்பு, கழிவுநீரோடு ஆற்றில் கலந்து, 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிக் கீழுள்ள வயல்களைக் கெடுத்தது. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு அது சென்றது. ஆற்றைக் காட்டிலும் நாம் கவனிக்கவேண்டியது ஆழ்துளைக் கிணறு. சமவெளி நாற்றுப்பண்ணைகள் சிலவற்றில் உவர்ப்பான கிணற்றுநீரே கன்றுகளுக்குப் பாய்கிறது. அக்கன்று பையோடு மலையேறும்போது அதன் மண்ணில் உப்பும் உடன் வருகிறது. கன்று சோர்ந்திருக்கக் கண்டு நாம் உரம் வைத்தால், உப்பின்மேல் உப்பு வைத்தவர்களாவோம்.

உப்புநீர் பாயும் கன்றுக்கு உரமே மருந்தாகாதா என்று சிலர் வினவுவர். மிதமான உப்பில் ஓரளவு ஆகும். நைட்ரேட் மிகுந்தால் குளோரைடு வேரினுள் நுழைவது குறையும். ஜிப்சத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து சோடியத்துக்கு எதிராக நிற்கும். ஆனால் கன்றின் தேவைக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிராமும் தீமையின் பக்கமே சேரும்.

ஆதலின் பைக் கன்றுக்கு உரத்தைக் கரண்டியால் இடுதல் கூடாது. 10 லிட்டர் நீரில் 20 கிராம் கரைத்து, பதினைந்து நாளுக்கொரு முறை ஊற்றினால் போதும். மாலைதோறும் மேல்மண் மட்டும் நனையும்படி தெளிப்பதும் தவறு; வாரத்தில் ஒரு முறையேனும் பையின் அடித்துளை வழியே நீர் வெளியேற வேண்டும். மேல்மண்ணில் வெள்ளைப் பொருக்குப் பூத்தால், உரத்தை நிறுத்தி நல்ல நீரால் கழுவுக. வாங்கிவந்த கன்றுக்கும் முதல் உபசாரம் இதுவே. தென்மேற்குப் பருவமழை தொடங்கியபின் இவ்வச்சம் பெரிதும் இல்லை. சனவரி முதல் ஏப்ரல் வரையே கண்டம்.

1900-இல் தொடங்கிய கல்லாறு பழப்பண்ணையிலும், அதற்கு முன்பே 1871-இல் தோன்றிய பர்லியாறு பண்ணையிலும் மங்குஸ்தான் மரங்களைக் காணலாம். அதன் வேரில் வேர்த்தூவிகளே இல்லை. கன்று மிக மெதுவாகவே வளரும். காய்க்க எட்டுப் பத்து ஆண்டுகள். அத்தகைய கன்று ஒன்று கருகினால் போவது கன்றின் விலை மட்டுமன்று, காத்திருந்த காலமும்தான்.

நம் நண்பரின் பைகளுக்கு ஒவ்வொன்றிலும் 4 லிட்டர் நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி வடியவிட்டோம். மூன்று வாரத்தில் 170 கன்றுகள் புதுத்தளிர் விட்டன; மற்றவை போயின. மனுவை அவரே திரும்பப் பெற்றார். எனினும் சங்கத்தின் மேலும் பிழையுண்டு என்றே நான் அறிக்கையில் எழுதினேன்: மூட்டையை விற்றவர் நாற்றுக்குரிய அளவைச் சொல்லவில்லை. நிர்வாகக் குழு அதை ஏற்று, கடன் தவணையை ஓராண்டு தள்ளிவைத்தது. உரக் கிடங்கின் வாயிலில் நாற்றளவு எழுதிய பலகை ஒன்றும் மாட்டியது. எஞ்சிய கன்றுகளில் இவ்வாண்டு சனவரியில் ஒட்டுக் கட்டியாயிற்று.