ஸ்பில்லரை விட்டுவிடாதே

அன்புள்ள யாழினி,

டைகர் உட்ஸ் பற்றிய உன் கட்டுரையைப் படித்தேன். நடை நன்றாக இருக்கிறது. ஆனால் 1997இல் மாஸ்டர்ஸ் போட்டியை அவர் 12 ஷாட் முன்னிலையில் வென்றதும் கோல்ஃபில் நிறவெறியே ஒழிந்துபோனது என்கிற தொனி அதில் இருக்கிறது. வென்ற அன்று உட்ஸே தனக்கு முன்னோடிகளான கறுப்பின வீரர்கள் சார்லி சிஃபர்ட், லீ எல்டர், டெட் ரோட்ஸ் ஆகியோருக்கு நன்றி சொன்னார். நீ ஒருவரையும் சொல்லவில்லை.

நானாக இருந்தால் பில் ஸ்பில்லர் என்ற கறுப்பின வீரரிடமிருந்து தொடங்குவேன். 1913இல் ஓக்லஹோமாவில் பிறந்தவர், பட்டதாரி. லாஸ் ஏஞ்சலஸ் ரயில் நிலையத்தில் பெட்டி சுமந்து பிழைத்தார். கோல்ஃப் மட்டையைத் தொட்டபோதே வயது முப்பதை நெருங்கிவிட்டது. 1948 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் ஓப்பனின் முதல் சுற்றில் 68 ஷாட்டில் முடித்தார். மகா ஆட்டக்காரர் பென் ஹோகனுக்கும் அன்று அதே கணக்குதான். முதல் 60 பேருக்குள் வந்தால் அடுத்து நடக்கும் ரிச்மண்ட் போட்டியில் நேரடி இடம். ஸ்பில்லரும் ரோட்ஸும் வந்தார்கள். ரிச்மண்டுக்குப் போய்ப் பயிற்சியும் ஆடி முடித்த பிறகு, உங்களுக்கு இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

போட்டிகளை நடத்திய பிஜிஏ சங்கத்தின் விதிகளில், வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. அதைக் கட்டாயம் எழுது. வசை பாடுகிற கூட்டம் எல்லோர் கண்ணிலும் படும். விதிப்புத்தகத்தை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. ஸ்பில்லர் தரப்பு வழக்குப் போட்டது. இனிமேல் பாகுபாடு காட்டமாட்டோம் என்று சங்கம் வாக்குக் கொடுத்தது, வழக்கு வாபஸானது. அப்புறம் பார்த்தால் ஓப்பன் போட்டிகள் 'அழைப்புப் போட்டி'களாக மாறின! அழைக்காமல் விட்டால் போதுமே, தடுத்ததாகவே ஆகாது. கெட்டிக்காரர்கள்தான்.

1952இல் ஃபீனிக்ஸில் சிஃபர்ட் இருந்த குழு ஆடப் போனபோது முதல் குழிக்குள் மலம் கிடந்தது. அதே ஆண்டு சான் டியாகோவில் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸை அமெச்சூராக ஆட விட்டார்கள். தகுதிச் சுற்றில் தேறிய ஸ்பில்லரை விடவில்லை. பெரிய பெயர் ஒன்றை உள்ளே விட்டு மற்றவர்களை வெளியே நிறுத்துவது பழைய உத்தி. எந்த விளையாட்டைப் பற்றி எழுதினாலும் இதைக் கவனி.

ஸ்பில்லர் பிறகு ஒரு கிளப்பில் கேடியாகப் பை சுமந்தார். அங்கே ஓர் உறுப்பினரிடம் இதையெல்லாம் சொல்ல, விஷயம் கலிஃபோர்னியாவின் அட்டர்னி ஜெனரல் ஸ்டான்லி மோஸ்க் வரை போனது. பாகுபாடு காட்டும் போட்டிக்கு இங்கே இடமில்லை என்றார் மோஸ்க். லாஸ் ஏஞ்சலஸில் நடக்கவிருந்த 1962 பிஜிஏ சாம்பியன்ஷிப்பைச் சங்கம் பென்சில்வேனியாவுக்கு மாற்றியது. ஆனாலும் தாக்குப்பிடிக்க முடியாமல் 1961 நவம்பரில் அந்தப் பிரிவை நீக்கியது.

அப்போது ஸ்பில்லருக்கு வயது 48. சிஃபர்ட் 1967இல் ஹார்ட்ஃபோர்டிலும் 1969இல் லாஸ் ஏஞ்சலஸிலும் வென்றார். மாஸ்டர்ஸில் ஆட அவருக்குக் கடைசிவரை அழைப்பு வரவில்லை. 1975இல்தான் அங்கே முதல் கறுப்பின வீரராக எல்டர் ஆடினார். இவர்களுடைய வெற்றிகளைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஸ்பில்லர் 1988இல் காலமானார். பிஜிஏ அவரை உறுப்பினராக ஏற்றது 2009இல். இந்த இரண்டு ஆண்டுகளையும் அடுத்தடுத்து வைத்துக் கட்டுரையைத் திருத்தி எழுது. அச்சுக்குப் போகுமுன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
மாமா