கிடங்கில் கிடந்த விமானங்கள் - ஒரு வகுப்பறை அனுபவம்

பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப்போர் பாடத்தை ஆண்டுகளாகவும் உடன்படிக்கைகளாகவும் மனப்பாடம் செய்துவிட்டு மாணவர்கள் நகர்ந்துவிடுகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள எங்கள் பள்ளியில் இம்முறை அதை மைதானத்தில் தொடங்கினேன். கயிறு பிடித்து 110 அடி, அதாவது 33.5 மீட்டர் அளந்தோம். "ஒரு விமானத்தின் இறக்கை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை" என்றதும் வகுப்பே வாயைப் பிளந்தது.

அது பி-24 லிபரேட்டர். நான்கு என்ஜின் கொண்ட அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம். போர்க்காலத்தில் 18,000-க்கும் மேல் தயாரானது. போர் முடிந்ததும், பிரிட்டிஷ் விமானப்படை தன்னிடம் இருந்த லிபரேட்டர்களைக் கான்பூர் கிடங்கில் விட்டுச் சென்றது. கடனாகப் பெற்ற விமானங்களை வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது என்பது ஒப்பந்தம். எனவே, மீண்டும் பறக்க முடியாதபடி அவற்றைச் சேதப்படுத்தினார்கள். என்ஜின்களில் மணலைக் கொட்டினார்கள்.

"மணல் போனால் என்ன ஆகும்?" என்று கேட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "பிஸ்டனும் சிலிண்டரும் தேஞ்சு என்ஜின் ஜாமாயிரும் சார். மொத்தமாக் கழட்டிக் கழுவணும்."

விடுமுறை நாள்களில் ராஜபாளையத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் மாணவன் அவன். என் பதிவேட்டில் 'மெல்லக் கற்போர்' பட்டியலில் இருப்பவன். பொதுத்தேர்வு வரை படிப்பானா என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. அவனையே கரும்பலகைக்கு அழைத்தேன். என்ஜினை வரைந்து விளக்கினான்.

பிறகு நான் தொடர்ந்தேன். விடுதலைக்குப் பின் நம்மிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் இல்லை. 1948-இல் பெங்களூரு இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையினர் கான்பூர் சென்றனர். சேதம் குறைந்தவற்றைத் தேர்ந்தெடுத்து, ஒன்றின் பாகத்தை மற்றொன்றில் பொருத்தி, பறக்கும் அளவுக்குத் தேற்றினர். சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டிவந்தார். அங்கே முழுமையாகச் சீரமைக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் 5-ஆம் படைப்பிரிவு அவற்றுடன் உருவானது. 1968 வரை அவை பறந்தன. ஒன்று டெல்லி பாலம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சில இங்கிலாந்து, அமெரிக்க அருங்காட்சியகங்களுக்குச் சென்றன.

தொடர் செயல்பாடாக, வீட்டில் பழுதாகிக் கிடந்து மீண்டும் இயங்கிய ஒரு பொருளின் வரலாற்றை எழுதச் சொன்னேன். யார் கைவிட்டார், ஏன், யார் சீர்செய்தார் என்ற மூன்று கேள்விகள் போதும். வரலாற்றில் காரணமும் விளைவும் தானாகப் பிடிபடுகின்றன.

அந்த மாணவன் தையல் இயந்திரத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தான். எழுத்துப்பிழைகள் நிறைய; ஆனால் அவன் இதுவரை எழுதியதிலேயே அதுதான் நீளமானது. மறுநாளே பள்ளிக்கு வந்து, "சார், அடுத்த பாடத்துல என்ன வண்டி?" என்றான். அந்தப் பட்டியலை நான் மறுபடியும் பார்க்க வேண்டியிருக்கிறது.