வாளிக்கு முளைத்த பற்கள்

இறுகிய நிலத்தில் குழி தோண்ட வேண்டுமானால் உழவர் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கடப்பாரையை எடுக்கிறார். கை அதே கைதான், வலிமையும் அதேதான். ஆனாலும் கடப்பாரை இறங்குகிறது. காரணம் நீங்கள் படித்ததே: அழுத்தம் = விசை ÷ பரப்பு.

டிராக்டரின் முன்னால் பூட்டும் லோடர் வாளிக்கும் இதே விதிதான். எங்கள் ஊர் உழவர் ஒருவர் கோடையில் காய்ந்த மேட்டைக் கரைக்க முயன்றார். வாளி மண்மேல் வழுக்கியது. சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன. "பெரிய எஞ்சின் வேண்டுமோ?" என்று என்னிடம் கேட்டார். வேண்டியதில்லை. தள்ளும் விசைக்கு இங்கே எல்லை வகுப்பது டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு. விசையைக் கூட்ட இயலாதபோது பரப்பைக் குறைக்க வேண்டும். அதற்கானதே பல் பட்டை. இது வாளியின் முன்விளிம்பில் செருகி, இரு பக்கமும் போல்ட் போட்டு முடுக்கும் எஃகுப் பட்டை.

ஒரு கணக்குப் போடுவோம். தள்ளும் விசை 6000 நியூட்டன் என்க. விளிம்பின் நீளம் 150 செ.மீ., தடிமன் 1 செ.மீ. எனில் பரப்பு 150 ச.செ.மீ.; அழுத்தம் ச.செ.மீ.க்கு 40 நியூட்டன். இப்போது 7 பற்கள். ஒவ்வொன்றின் முனையும் 3 ச.செ.மீ. மொத்தப் பரப்பு 21 ச.செ.மீ.; அழுத்தம் சுமார் 286 நியூட்டன். ஏழு மடங்கு!

அப்படியானால் ஒரே பல் போதாதா? போதாது. பற்கள் மிக அகன்றிருந்தால் இடையில் மண் வரப்புகளாக நின்றுவிடும். முழு விசையும் ஒரு பல்லைத் தாக்கும். மிக நெருங்கியிருந்தால் அழுத்தம் குறையும், கற்களும் சிக்கும். பட்டை வாங்குமுன் வாளியின் உள் அகலத்தை முன்விளிம்பருகே அளக்க வேண்டும். வெளி அகலத்தை அளந்தால் பட்டை உள்ளே நுழையாது.

நண்பர் பட்டை வாங்கிப் பொருத்தினார். மறுநாளே ஒரு வேரில் மோதி, போல்ட் கத்தரித்தாற்போல் அறுந்தது. பார்த்தால், விளிம்பில் காய்ந்திருந்த மண்ணைச் சுரண்டாமலே பட்டையைச் செருகியிருந்தார். பட்டை விளிம்பில் முழுதும் பதிந்திருந்தால் மண்ணின் எதிர்விசை நீண்ட விளிம்பின் வழியே வாளிக்குச் சென்றிருக்கும். இடைவெளி இருந்ததால் அது இரண்டு போல்ட்டுகளின் மேல் விழுந்தது. போல்ட்டின் வேலை பட்டை கழன்று வராமல் பிடிப்பது. தள்ளு விசையைத் தாங்குவதன்று. தடித்த போல்ட் போட்டிருந்தால் வாளியின் பக்கத் தகடு கிழிந்திருக்கும்.

ஆகவே, முதலில் விளிம்பைச் சுத்தம் செய்க. பட்டையைத் தட்டி முழுதும் பதித்தபின் துளைகளைக் குறித்துத் துளையிடுக. சில மணி நேரம் வேலை செய்தபின் போல்ட்டுகளை மீண்டும் முடுக்குக. இவை அனைத்தையும் வாளியைத் தாழ்த்தி, மரக்கட்டைமேல் அமர்த்தி, எஞ்சினை நிறுத்தியபின்பே செய்ய வேண்டும். உயர்த்திய வாளியைத் தாங்கி நிற்பது குழாயில் உள்ள எண்ணெய்தான். குழாய் வெடித்தால் வாளி கீழே விழும். அதன் அடியில் ஒருபோதும் கை வைக்கக் கூடாது.

நிலத்தைச் சமன் செய்யும்போது பற்கள் கோடு கிழிக்கும். அப்போது பட்டையைக் கழற்றிவிடலாம்.

சிந்திக்க: வாளியின் நடுவிலிருந்து 70 செ.மீ. தள்ளியுள்ள ஓரப் பல் மட்டும் வேரில் சிக்கி, 6000 நியூட்டன் முழுவதும் அதன்மேல் விழுந்தால், நடுவைப் பொறுத்துத் திருப்புத்திறன் எவ்வளவு? ஓரப் பல்லால் வேரைப் பெயர்க்கக் கூடாது என்பது ஏன் என உங்கள் விடையே சொல்லும்.