நிணநீர்: சொல்லும் பொருளும்

மாணாக்கர் சிலர் ‘நிணநீர்’ என்னுஞ் சொல்லை மனனஞ் செய்தும் அதன் பொருளை உணரார். இக்குறை நம் மானிப்பாய்க்குப் பொருந்தாது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் இவ்வூரிலே மாணாக்கர்க்கு மருத்துவம் பயிற்றி, உடற்கூற்று நூலையுந் தமிழாக்கினார் அன்றோ? அவ்வழி நின்று நாமும் இதனைச் சிறிது ஆராய்வாம்.

குருதி மயிர்க்குழாய்களினூடு செல்லுங்கால் அதன் நீர்ப்பகுதி கசிந்து இழையங்களை நனைக்கும். அவற்றிடைத் தேங்கும் நீரே நிணநீர்க் கலன்களிற் புகுந்து, கழுத்தடியிலுள்ள நாளங்களின் வழியே மீண்டுங் குருதியிற் கலக்கின்றது. குருதியை உந்த இதயம் உண்டு, நிணநீருக்கோ அஃதில்லை. கலன்கள் தாமே சுருங்குவதாலும், தசைகளின் அசைவாலும், மூச்சினாலும் அது மேலேறும். வால்வுகள் பின்னோட்டத்தைத் தடுக்கும்.

காலிற் புண் வந்தால் தொடையிடுக்கில் ‘நெறி கட்டியது’ என்பர் நம் பாட்டிமார். கிருமிகளை மறித்துப் பொருதலால் வீங்கிய நிணநீர்க் கணுவே அந்நெறி. இனி, நிணம் என்பது கொழுப்பு. உண்ட கொழுப்பைக் குடலினின்றுஞ் சுமந்து வருங்கால் இந்நீர் பால்போல் வெளுக்கும். ஆதலின் பெயரும் பொருத்தமுடைத்தே.

பாட்டியின் சொல்லும் புலவர் சொல்லும் ஒரு பாடத்திற் கூடுகின்றன. சொல்லின் வேரைக் காட்டிக் கற்பிப்போமாயின், மனனம் அறிவாகும்.